விரலி மஞ்சளைக் கொண்டு வேதியியல் செய்வது எப்படி?

ஈரோட்டு மஞ்சள் சந்தையில் ஏலத்துக்கு வந்த மூட்டையிலிருந்து வியாபாரி ஒரு கை விரலியை அள்ளி, அதில் ஒன்றை இரண்டாக முறித்துப் பார்ப்பார். படீரென்று முறிந்தால் ஈரம் வற்றியிருக்கிறது; முறிந்த இடத்தில் நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே சீராக ஆரஞ்சு கலந்த மஞ்சள் தெரிந்தால் கிழங்கு பதமாக வெந்திருக்கிறது. வேகும்போது கிழங்கிலுள்ள மாவுச்சத்து கூழாகி நிறம் எங்கும் பரவுவதால்தான், அரைவேக்காட்டுக் கிழங்கு நடுவில் ஒரு நிறமும் ஓரத்தில் ஒரு நிறமுமாக நிற்கிறது. கண்ணும் விரலும் காதும் சேர்ந்து ஒரே நொடியில் நடத்தும் இந்தச் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் உள்ளே நிறப்பொருள் எத்தனை விழுக்காடு இருக்கிறது, அரைத்த பொடியில் வேறு சாயம் சேர்ந்திருக்கிறதா என்னும் கேள்விகளுக்கு முறித்துப் பார்ப்பது விடை தராது. அந்த இடத்தில் வேதியியல் தொடங்குகிறது.

கொங்கு நாட்டுப் பள்ளி ஒன்றில் நெடுங்காலம் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில், மாணவர்களும் ஆசிரியர்களும் ஆர்வமுள்ள பெற்றோர்களும் செய்து பார்க்கக்கூடிய சோதனைகளை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். ஒவ்வொரு சோதனையோடும் அது எதைச் சொல்லும் என்பதையும், எதைச் சொல்லாது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டாவது பகுதியை விட்டுவிட்டு முதல் பகுதியை மட்டும் கற்றுக்கொள்வதால் விளையும் தீங்கை நானே ஒருமுறை கண்டிருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மஞ்சளின் நிறத்துக்குக் காரணம் குர்குமின் என்னும் சேர்மமும், அதற்கு நெருங்கிய உறவுடைய இன்னும் இரண்டு சேர்மங்களும் ஆகும். மூன்றையும் சேர்த்துக் குர்குமினாய்டுகள் என்பார்கள். 1815-இல் வோகல், பெல்லத்தியே என்னும் இருவர் இந்த நிறப்பொருளை மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதன் மூலக்கூறு அமைப்பு 1910-இல்தான் தெளிவானது. குர்குமினின் வாய்பாடு C₂₁H₂₀O₆. மூலக்கூறு எடை ஏறத்தாழ 368. இது தண்ணீரில் அநேகமாகக் கரையாது. ஆல்கஹாலிலும் அசிட்டோனிலும் எண்ணெயிலும் நன்றாகக் கரையும். தாளிக்கும்போது எண்ணெயில் மஞ்சள் தூளைப் போட்டதும் நிறம் பரவுவதும், வெறும் தண்ணீரில் போட்டால் தூள் அடியில் தங்கி மேல்நீர் வெளிர் மஞ்சளாக மட்டும் நிற்பதும் இந்த ஒரே குணத்தால்தான். கீழே வரும் பல சோதனைகள் இந்தக் குணத்தையே சார்ந்திருக்கின்றன.

சாறு எடுத்தல்

கடையில் வாங்கிய பொடியை முதல் முயற்சிக்குப் பயன்படுத்த வேண்டாம். நன்றாகக் காய்ந்த விரலி மஞ்சள் நான்கைந்தை வாங்கி, உரலில் இடித்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். கலப்படம் இல்லை என்று நீங்களே உறுதி கூறக்கூடிய ஒரு மாதிரி கையில் இருந்தால்தான் மற்ற மாதிரிகளை அதனோடு ஒப்பிட முடியும். ஒப்பிட ஒன்றும் இல்லாமல் செய்யப்படும் நிறச் சோதனை எதற்கும் நான் மதிப்புக் கொடுப்பதில்லை.

5 கிராம் பொடியை ஒரு கண்ணாடிக் குவளையில் இட்டு, 25 மில்லிலிட்டர் குளிர்ந்த வாலை வடிநீர் (காய்ச்சி வடித்த நீர்) ஊற்றிக் கலக்கி, தெளியவிட்டு, மேல்நீரைக் கொட்டிவிடுங்கள். இதுபோல நான்கு முறை செய்ய வேண்டும். நிறப்பொருளே வெளியேறிவிடுமோ என்று மாணவர்கள் தவறாமல் பதறுவார்கள். நீரில் கரையும் பிற பொருள்கள் வெளியேறுமே தவிர, குர்குமின் பொடியிலேயே தங்கிவிடும். கழுவிய பொடியை நிழலில் நன்றாக உலர்த்தி, மூடியுள்ள கண்ணாடிச் சீசாவில் இட்டு, 25 மில்லிலிட்டர் ஆல்கஹால் ஊற்றி, இரண்டு மூன்று நாள் இருட்டான அலமாரியில் வைத்து, அவ்வப்போது குலுக்கிவிடுங்கள். எத்தனால் பள்ளிக்கு எளிதில் கிடைப்பதில்லை என்பதால், மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலே போதும். பிறகு வடிதாளில் வடித்தால் செம்மஞ்சள் நிறத்தில் தெளிந்த சாறு கிடைக்கும்.

அவசரப்படுகிறவர்கள் சீசாவை வெந்நீரில் அரைமணி நேரம் வைத்தும் சாறு எடுக்கலாம். ஆனால் மூடியைத் தளர்த்தி வைக்க வேண்டும், அந்த அறையில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. ஆல்கஹாலின் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் மேசையின்மீது படர்ந்து சென்று தீயைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. வெந்நீரை வேறிடத்தில் கொதிக்கவைத்து எடுத்துவந்து ஊற்றுவதே முறை.

வாலை வடிநீரை வலியுறுத்துவதற்குக் காரணம் நம் ஊர்த் தண்ணீர். கொங்குப் பகுதியின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றிலும் நீர் கடினத்தன்மையும் பைகார்பனேட்டும் மிகுந்தது. அதைக் கொதிக்கவைத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக் காரத்தன்மை இன்னும் கொஞ்சம் கூடும். கெட்டிலின் அடியில் படியும் வெள்ளை அடையே அதற்குச் சான்று. அந்த நீரில் செய்த சாறும் தாளும் சோதனை தொடங்கும் முன்பே பழுப்பேறத் தொடங்கிவிடும்.

மஞ்சள் தாள்

சாற்றைத் தட்டையான பீங்கான் தட்டில் ஊற்றி, வடிதாளை ஒரு சென்டிமீட்டர் அகலக் கீற்றுகளாக வெட்டி நனைத்து, நூலில் தொங்கவிட்டு நிழலில் உலர்த்துங்கள். நோட்டுப் புத்தகத் தாளும் அச்சுத் தாளும் கூடாது. இக்காலத் தாள்கள் பலவற்றில் வெண்மைக்காகவும் கனத்துக்காகவும் கால்சியம் கார்பனேட் சேர்க்கப்படுகிறது. அது காரப் பொருள் என்பதால் தாளே தன்மீது சோதனை நடத்திக்கொண்டுவிடும். வாட்மேன் 1 போன்ற வடிதாள் நல்லது. காப்பி வடிகட்டும் தாளும் பரவாயில்லை.

உலர்ந்த கீற்று எலுமிச்சைத் தோலின் நிறத்தில், கறையோ கோடோ இல்லாமல் இருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் அடர்ந்திருந்தால் சாறு அதிகக் கெட்டி. இன்னும் சிறிது ஆல்கஹால் சேர்த்து மறுபடி நனையுங்கள். கீற்றுகளைக் கரும்பழுப்புச் சீசாவில் போட்டு மூடிவையுங்கள். குர்குமின் வெளிச்சத்தில் சிதையக்கூடியது. தாலிச் சரட்டுக்குப் பெண்கள் திரும்பத் திரும்ப மஞ்சள் பூச வேண்டியிருப்பதும், வேட்டியில் பட்ட மஞ்சள் கறையை நனைத்து வெயிலில் போட்டால் மங்கிவிடுவதும் இதனால்தான். சென்னிமலையிலோ பவானியிலோ தறிக்குப் போகும் நூலுக்கு மஞ்சள் சாயம் ஏற்றலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே விடை: பருத்தி மஞ்சளை எளிதாக வாங்கிக்கொள்ளும், படிகாரம் சேர்த்தால் பிடிப்பு கொஞ்சம் கூடும், ஆனால் வெயிலுக்கு நிற்காது.

தாளைப் படித்தல்

சலவை சோப்பைக் கரைத்த நீரில் கீற்றின் நுனியைத் தொட்டால், தொட்ட இடம் உடனே செம்பழுப்பாகும். சுண்ணாம்புத் தெளிநீரிலும் சலவை சோடாக் கரைசலிலும் அப்படியே ஆகும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் செந்நிறம் எழுவதைக் குழந்தைப் பருவத்திலிருந்தே பார்த்துவரும் நமக்கு இது புதிதன்று. ஆனால் சமையல் சோடாக் கரைசலை எடுத்துப் பாருங்கள்: நிறம் மாறியதா இல்லையா என்று ஐயம் கொள்ளும்படி ஆரஞ்சும் பழுப்புமாக நிற்கும். அமில, காரத் தன்மையை அளக்கும் பி.எச். எண்ணில் 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்; மஞ்சள் தாள் நிறம் மாறும் எல்லை பி.எச். 7.4 முதல் 8.6 வரை, சமையல் சோடாக் கரைசலின் பி.எச். ஏறத்தாழ 8.3. அதாவது அது சரியாக வாசற்படியில் நிற்கிறது. இந்த ஒரு கீற்றை மட்டும் மாணவர்கள் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று விரும்புவேன். நிறமாற்றம் ஒரு புள்ளியில் நிகழ்வதன்று, ஒரு நெடுக்கத்தில் நிகழ்வது என்பதை எந்தப் பாடநூல் வரியையும்விட அது தெளிவாகக் காட்டுகிறது.

எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், மோர், வாலை வடிநீர் ஆகிய நான்கிலும் தாள் மஞ்சளாகவே இருக்கும். எனவே தாள் மாறவில்லை என்றால் பொருள் அமிலம் என்று எழுதிவிடக் கூடாது. காரம் இல்லை என்று மட்டுமே எழுதலாம். அமிலத்தை அறியச் செம்பருத்திப் பூச் சாறு போன்ற இன்னொரு நிறங்காட்டி வேண்டும்.

நிறம் ஏன் மாறுகிறது? குர்குமின் மூலக்கூறின் இரு முனைகளிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன, நடுவில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் ஒரு சங்கிலி ஓடுகிறது. காரத்தில் ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜன் கழன்றுவிடுவதால் எலக்ட்ரான்கள் அந்தச் சங்கிலி நெடுகிலும் இன்னும் தாராளமாகப் பரவுகின்றன. அதனால் மூலக்கூறு முன்பு நீல ஒளியை உறிஞ்சியதுபோக, இப்போது பச்சைப் பகுதியையும் உறிஞ்சத் தொடங்குகிறது. எஞ்சி நம் கண்ணுக்கு வருவது சிவப்பு. செந்நிறக் கீற்றின்மீது எலுமிச்சைச் சாற்றை விட்டால் மஞ்சள் திரும்பும். ஆனால் காரத்தில் நெடுநேரம் ஊறிய கீற்றில் முழு மஞ்சள் திரும்பாது. குர்குமின் காரத்தில் நிறம் மாறுவதோடு நில்லாமல் மெல்லச் சிதைந்தும் போகிறது. ஆகவே நிறத்தை ஒரு நிமிடத்துக்குள் படித்து எழுதிவிட வேண்டும்.

வெங்காரமும் கேரம் பவுடரும்

மஞ்சள் தாளைப் பழைய வேதியியலாளர்கள் போற்றி வைத்திருந்தது காரத்தை அறிவதற்காக மட்டுமன்று, போரான் என்னும் தனிமத்தைக் கண்டுபிடிக்கவும்தான். கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடர் ஒரு சிட்டிகையும், நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் வெங்காரம் (போராக்ஸ்) ஒரு சிட்டிகையும் தனித்தனியே வெந்நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். வெங்காரக் கரைசலில் தாளை நனைத்தால் உடனே சிவக்கும். போரான் கிடைத்துவிட்டது என்று இங்கே எழுதினால் தவறு. வெங்காரம் காரத்தன்மை உடையது, அதனால்தான் தாள் சிவந்தது. அப்பளக்காரமும் இதையேதான் செய்திருக்கும்.

சரியான முறை, கரைசலில் முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, அது அமிலமாகிவிட்டது என்பதை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு தாளை நனைத்து, மிதமான சூட்டில் உலர்த்துவது. ஈரமாக இருக்கும்வரை தாள் மஞ்சளாகவே கிடக்கும். உலர உலர, விளிம்பிலிருந்து உள்நோக்கிச் செம்பழுப்பு ஊர்ந்து வருவதைக் காணலாம். குர்குமினும் போரிக் அமிலமும் நீர் வற்றும்போது இணைந்து ரோசோசயனின் என்னும் சிவந்த சேர்மத்தை உண்டாக்குகின்றன. இப்போது அந்தச் சிவந்த இடத்தின்மீது ஒரு துளி நீர்த்த அம்மோனியாவையோ சலவை சோடாக் கரைசலையோ வையுங்கள். காரத்தால் மட்டும் வந்த சிவப்பாக இருந்திருந்தால் சிவப்பாகவே நிற்கும். போரானால் வந்த சிவப்பு கரும்பச்சையாகவோ கருநீலமாகவோ மாறும். இரண்டு படிகளும் சேர்ந்தால்தான் சான்று முழுமை பெறும். டைட்டானியம், சிர்கோனியம் போன்ற சில தனிமங்களும் தாளைப் பழுப்பாக்கும் என்பதால் இரண்டாவது படியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். இந்தப் பொடிகளை வாயில் வைக்கக் கூடாது. கையைக் கழுவிய பிறகே வேறு வேலை.

நிறத்தை எண்ணாக்குதல்

கல்லூரி ஆய்வகத்தில், கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் இருப்பவர்கள் ஒரு படி மேலே போகலாம். எத்தனாலில் கரைந்த குர்குமின் 425 நானோமீட்டர் அலைநீள ஒளியை மிகுதியாக உறிஞ்சுகிறது. 100 மில்லிலிட்டரில் 1 கிராம் தூய குர்குமின் கரைந்த கரைசலின் உறிஞ்சல் அளவு, ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் (கரைசலை ஊற்றிக் கருவியில் வைக்கும் சிறு கலம்) 1607 என்று கொள்ளப்படுகிறது. உறிஞ்சல் செறிவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்னும் பீர்–லாம்பர்ட் விதியும் இந்த எண்ணும் இருந்தால் கணக்கு முடிந்துவிடும்.

0.100 கிராம் பொடியைத் துல்லியமாக நிறுத்து, எத்தனாலில் இட்டு, ஆவி குளிர்ந்து திரும்பி விழும் அமைப்பில் இரண்டு, இரண்டரை மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறிய பின் வடித்து, 100 மில்லிலிட்டராக நிரப்புங்கள். அதில் 5 மில்லிலிட்டரை எடுத்து 50 மில்லிலிட்டராக்குங்கள். இப்போது 100 மில்லிலிட்டரில் 0.01 கிராம் பொடிக்குரிய சாறு இருக்கிறது. கருவி 0.562 என்று காட்டினால், 0.562-ஐ 1607-ஆல் வகுத்தால் 0.00035 கிராம், அது 0.01 கிராமில் 3.5 விழுக்காடு. மஞ்சளில் குர்குமினாய்டுகள் பெரும்பாலும் 2 முதல் 5 விழுக்காடு வரை இருக்கும். மஞ்சள் பொடியில் அது உலர் எடையில் 2 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. உலர் எடை என்று சொல்வதால் ஈரத்தையும் தனியே அளந்து கழிக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. ஏறத்தாழ இதே அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும் செயற்கை மஞ்சள் சாயம் கலந்திருந்தால், கருவி அதையும் குர்குமின் கணக்கில் சேர்த்து அதிக எண்ணையே காட்டும். ஆகவே கலப்படச் சோதனையை முதலில் முடித்துவிட்டு அளவுச் சோதனைக்கு வருவதே ஒழுங்கு.

மருந்தாகும் முன்

குர்குமினைப் பற்றிப் பேசும்போது மருத்துவத்தைத் தவிர்க்க முடியாது. மஞ்சளைப் புண் ஆற்றப் பயன்படுத்துவதற்கு 1995-இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு வழங்கப்பட்ட காப்புரிமையை, இது எங்கள் நாட்டில் வழிவழியாக உள்ள அறிவு என்று பழைய நூல்களைச் சான்று காட்டி இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து, 1997-இல் நீக்கச் செய்தது. அந்த வெற்றி நம் மரபறிவு பழமையானது என்பதை நிறுவியது. மஞ்சள் எல்லா நோயையும் தீர்க்கும் என்று அது நிறுவவில்லை; இரண்டையும் குழப்பிக்கொள்ளும் விளம்பரங்கள் மிகுந்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தாளில் பார்த்த அதே குணங்களே இங்கும் தடையாக வருகின்றன. நீரில் கரையாத பொருள் குடலிலிருந்து இரத்தத்துக்குள் எளிதில் செல்வதில்லை. சென்ற சிறிதளவையும் கல்லீரல் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகிறது. 37 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7.2 உள்ள பாஸ்பேட் கரைசலில், அரைமணி நேரத்துக்குள் ஏறத்தாழ 90 விழுக்காடு குர்குமின் சிதைந்துவிடுவதை 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது இரத்தத்தில் கிடைக்கும் அளவு பல மடங்கு உயர்ந்ததைக் கண்டார்கள். மிளகிட்ட மஞ்சள் பாலுக்கு இது ஆதரவாகத் தோன்றும். ஆனால் பைப்பரின் உடல் மருந்துகளைக் கழிக்கும் வழியையே தடுத்து இதைச் செய்கிறது, ஆகவே நீங்கள் உண்ணும் வேறு மருந்தின் அளவையும் அது உயர்த்தக்கூடும். குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி யாரும் அஞ்ச வேண்டியதில்லை. மாத்திரையாக விற்கும் குர்குமினின் கதை வேறு: கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும் பித்தப்பையில் கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

கலப்படம் அறிதல்

என் தாய்மாமன் சிவகிரிப் பக்கம் மஞ்சள் விளைவித்து, அரைத்து, உறவினர்களுக்குக் கொடுத்துவந்தார். பணியில் சேர்ந்த புதிதில், அவர் கொடுத்த பொடியில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளிகள் விட்டேன், இளஞ்சிவப்பு எழுந்தது. பொடியில் சாயம் இருக்கிறது என்று அவரிடமே சொல்லிவிட்டேன். "ஏனுங்க மாப்ளே, நம்ம காட்டுல வெளஞ்சு, எங்கண்ணு முன்னால அரைச்சதுங்க" என்று மட்டும் சொன்னார். சோதனையின் அடுத்த படியை நான் செய்யவே இல்லை என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. போய் வருத்தம் தெரிவித்தேன். அவர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து இந்தச் சோதனையை அவசரமாகச் சொல்லிக்கொடுத்ததில்லை.

நடப்பது இதுதான். அடர் அமிலத்தில் தூய குர்குமினும் சிவக்கும். தடை செய்யப்பட்ட மெட்டானில் மஞ்சள் என்னும் சாயமும் சிவக்கும். வேறுபாடு நீர் சேர்க்கும்போதுதான் தெரியும். குர்குமின் மிக அடர்ந்த அமிலத்தில் மட்டுமே சிவப்பாக நிற்கும், கொஞ்சம் நீர்த்தாலும் மஞ்சளுக்குத் திரும்பிவிடும். மெட்டானில் மஞ்சளோ பி.எச். 1.2-க்குக் கீழ் சிவப்பாகவே இருந்து, 2.3-ஐ ஒட்டித்தான் மஞ்சளாகும். எனவே நீரின் அளவு முக்கியம். 5 துளி அமிலத்துக்கு 50 துளி வாலை வடிநீர் போதும். அப்போது அமிலச் செறிவு 12 மோலாரிலிருந்து ஏறத்தாழ 1 மோலாராகக் குறையும், குர்குமினின் சிவப்பு மறையும், சாயத்தின் சிவப்பு நிற்கும். ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினால் சாயத்தின் சிவப்பும் மறைந்து, கலப்படப் பொடி நல்ல பொடியாகத் தோன்றிவிடும். நீர் சேர்க்காததால் நான் நல்லதைக் கெட்டதென்றேன். அளவின்றிச் சேர்ப்பவர் கெட்டதை நல்லதென்பார்.

இந்தச் சோதனையை ஆய்வகத்தில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து, நீங்களே இடித்த பொடியை ஒரு குழாயிலும் ஐயத்துக்குரிய பொடியை இன்னொரு குழாயிலும் வைத்துப் பக்கம் பக்கமாகச் செய்யுங்கள். கழிவறை கழுவும் அமிலம் உதவாது. அது செறிவு குறைந்தது, பெரும்பாலும் தானே மஞ்சளாகவும் இருக்கும்.

சுண்ணக்கட்டித் தூள் கலந்திருந்தால் நீர்த்த அமிலத்தில் நுரை பொங்கும்; இது எளிது. அரிசி மாவு கலந்திருக்கிறதா என்று அயோடின் விட்டுப் பார்ப்பது மட்டும் வீண்வேலை. மஞ்சள் கிழங்கிலேயே மாவுச்சத்து ஏராளமாக இருப்பதால் தூய பொடியும் கருநீலமாகும். பள்ளிக் கண்காட்சிகளில் இந்தத் தவறு ஆண்டுதோறும் நடக்கிறது.

வீட்டில் செய்யத்தக்கது தண்ணீர்ச் சோதனை: ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரின்மேல் ஒரு தேக்கரண்டி பொடியைத் தூவி, கலக்காமல் இருபது நிமிடம் விடுங்கள். நல்ல பொடி படிந்து மேல்நீர் வெளிர் மஞ்சளாக இருக்கும்; நீரில் கரையும் சாயம் இருந்தால் மேல்நீர் அடர் மஞ்சளாகும். ஆனால் கலப்படங்களில் மிகக் கொடியது இதில் தப்பிவிடும். விரலிக்குப் பளபளப்பும் பொடிக்கு நிறமும் கூட்டுவதற்காகச் சேர்க்கப்படும் ஈய குரோமேட்டும் நீரில் கரையாது, கனமானது, மஞ்சளோடு மஞ்சளாக அடியில் போய்ப் படிந்துவிடும். 2019-இல் வெளியான ஆய்வொன்று, வங்கதேசத்தில் மக்களின் இரத்தத்தில் காணப்பட்ட ஈயத்துக்கு மஞ்சளில் கலந்த இந்த நிறமி ஒரு காரணம் என்று நிறுவியது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை.

ஆய்வகத்தில் இதற்கு ஒரு சோதனை உண்டு. 2 கிராம் பொடியைச் சாம்பலாகும்வரை எரித்து, சாம்பலை ஒரு பங்கு கந்தக அமிலமும் ஏழு பங்கு நீரும் கலந்த கரைசலில் 4 அல்லது 5 மில்லிலிட்டர் ஊற்றிக் கரைத்து, வடித்து, 0.1 விழுக்காடு டைஃபீனைல் கார்பசைடு கரைசல் 1 மில்லிலிட்டர் சேர்த்தால், குரோமேட் இருக்கும்போது இளஞ்சிவப்பு தோன்றும். கரைசலைத் தயாரிக்கும்போது நீரில்தான் அமிலத்தை மெல்ல ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. எரிப்பது புகைபோக்கி உள்ள இடத்தில், பொறுப்பான ஒருவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும். வீட்டு அடுப்பில் இதை முயலவே வேண்டாம். இந்தச் சோதனையும் குரோமேட்டைத்தான் காட்டுகிறது, ஈயத்தை நேரடியாகக் காட்டுவதில்லை. மஞ்சளில் ஈயத்துக்கு விதிக்கப்பட்டுள்ள உச்சவரம்பு பத்து லட்சத்தில் 10 பங்கு; அந்த அளவை எந்த நிறத்தாளும் எந்தக் கண்ணும் அறிய முடியாது, அணு உறிஞ்சல் கருவி போன்றவை வேண்டும்.

ஐயம் வலுவாக இருந்தால் கோயம்புத்தூரிலும் சேலத்திலும் உள்ள அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்களையோ, அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்தையோ நாடலாம். வாங்கிய உணவுப் பொருளைக் கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வு செய்துகொள்ளும் உரிமையை 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு நுகர்வோருக்குத் தருகிறது. பொடியை வாங்கிய பொட்டலத்தோடு, பிரிக்காமல், ரசீதுடன் கொடுப்பது நல்லது. சில்லறையாக வாங்கியதாக இருந்தால், பையின் மேல், நடு, அடி மூன்று இடங்களிலிருந்தும் எடுத்துக் கலந்து, ஈரமில்லாத கண்ணாடிச் சீசாவில் இட்டு, வாங்கிய நாளையும் இடத்தையும் எழுதி ஒட்டி, அதே கலவையில் ஒரு பங்கை உங்களிடமும் முத்திரையிட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வரும்வரை விற்றவரின் பெயரை யாரிடமும் சொல்லாதீர்கள்.